குளிரில் காய்த்த சிறகவரை

கல்யாணமாகி வந்த மறுநாள் காலை, அண்ணி தன் பையிலிருந்து ஒரு பழைய பால்டின்னை எடுத்துத் திறந்தாள். உள்ளே பழுப்பு நிறத்தில், உருண்டையாக, பளபளவென்று விதைகள். “எங்கம்மா குடுத்தது. காச்சாங் போத்தோல். வீட்டுக்குப் பின்னால போடலாமா?” என்று என்னிடம் கேட்டாள். அண்ணனிடம் கேட்க அப்போது அவளுக்குக் கூச்சம். நாத்தனாரான எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

அது மலாய்ப் பெயர்; சிறகவரை என்று அதற்கு நல்ல தமிழ்ப் பெயர் இருப்பது பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது. காயின் நான்கு ஓரங்களிலும் சுருக்கம் வைத்துத் தைத்ததுபோல மெல்லிய சிறகு ஓடும். அண்ணி பிறந்தது மலைக்குக் கீழே, தெலுக் இந்தான் பக்கம், செம்பனைத் தோட்டத்தில். அந்த வெக்கையில் அது வேலியெல்லாம் காய்த்துத் தொங்குமாம். பச்சையாகவே ஒடித்து மிளகாய்ச் சம்பலில் தொட்டுக்கொண்டு சோறு சாப்பிடுவார்களாம். எங்கள் தேயிலை மலையிலோ மத்தியானத்திலேயே பனி இறங்கிவிடும். கொடி படர்ந்தது, இலை விட்டது, பூக்கவில்லை. “அதுக்கும் ஒரு கம்பளி போத்தி விடு” என்று லயத்துப் பெண்கள் கேலி செய்தார்கள். அண்ணியும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது, விறைத்த விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொண்டே, “எனக்கும் இந்த ஊரு ஒத்து வராது போல. அம்மா வீட்டுக்கே போயிடலாம்னு இருக்கு” என்றாள். நான் அதை அண்ணனிடம் அப்படியே சொன்னேன். அவர் எப்போதுமே அதிகம் பேசாதவர். அண்ணியை வாட்டிய குளிரில் பாதி அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அண்ணன் கோலா தெர்லாவில் ஒரு காய்கறித் தோட்டத்துக்கு லோரி ஓட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அங்கே கழித்துப் போட்ட பிளாஸ்டிக் விரிப்புகளைச் சுருட்டி ஏற்றிக்கொண்டு வந்தார். மூங்கிலை நட்டு, வளைத்து, கொடியைச் சுற்றி நாள் முழுக்க ஒரு கூடாரம் கட்டினார்.

“என்னண்ணே இது?” என்றேன்.

“அதுக்குக் குளிருது” என்றார்.

அண்ணி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அம்மா வீட்டுக்குப் போகிற பேச்சை அவள் எடுத்ததாக எனக்கு நினைவில்லை.

கூடாரத்துக்குள் வெதுவெதுப்பாக இருக்கும். கொழுந்து பறித்துவிட்டு நனைந்து வரும் நாட்களில் நாங்கள் இருவரும் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்வோம். தலைக்கு மேலே பிளாஸ்டிக்கில் தூறல் தட்டிக்கொண்டிருக்க, எங்கள் பேச்சு முடியவே முடியாது. அப்படி ஒருநாள்தான் வெளிர்நீலத்தில் முதல் பூவைப் பார்த்தோம். பிறகு விரல் நீளத்தில் ஒரே ஒரு காய். அண்ணி அதை மூன்றாக ஒடித்துக் கொடுத்தாள். அண்ணன் மெதுவாக மென்று பார்த்து, “பச்சை வாசம் அடிக்குது” என்றார். அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரும் சிரித்தார். அதற்குப் பிறகும் ஒரு கைப்பிடிக்கு மேல் அது காய்த்ததில்லை. அண்ணன் மட்டும் கிழிந்த பிளாஸ்டிக்கை வருஷாவருஷம் மாற்றிக்கொண்டே இருந்தார்.

அண்ணன் இறந்த பின் அவர்கள் மகன் அண்ணியைத் தெலுக் இந்தானுக்கே அழைத்துப் போய்விட்டான். நான் மலையிலேயே, தானா ராத்தாவில் தனியாக இருக்கிறேன். போன மாதம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். வேலி முழுக்கச் சிறகவரை, பறிப்பாரில்லாமல் முற்றி நாராகித் தொங்கியது.

“ஏன் அண்ணி, பறிக்கிறதில்லையா?”

“இங்க அதுவா காய்க்குதுலா. யாரும் ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல.”

உள்ளே போய் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தோம். “என்னோட வந்துடுங்க அண்ணி” என்றேன். “ஸ்வெட்டரெல்லாம் குடுத்துட்டேனே” என்றாள். என்னிடம் இரண்டு இருக்கிறது என்றேன். மகனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள்.

இப்போது போனில் பேசும்போதெல்லாம், “அங்க பனி இறங்கிருச்சா?” என்று கேட்கிறாள். இறங்கிவிட்டது என்கிறேன். மகனிடம் கேட்டாளா என்று நான் கேட்பதில்லை. அவளுக்கென்று ஒதுக்கிய ஸ்வெட்டரை மட்டும் வெயில் வருகிற நாட்களில் எடுத்து வெளியே உலர்த்துகிறேன்.