பாதயாத்திரைக் கால்களுக்கு நான் செய்த சோப்பு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

சமயபுரத்திற்குப் பாதயாத்திரை செல்வோர் பாடாலூரைக் கடக்கும்போது, கால் கழுவ வெந்நீர் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். இலுப்பை எண்ணெய், வேப்பெண்ணெய், காஸ்டிக் சோடா சேர்த்து நானே செய்த சோப்பு என் பித்தவெடிப்பை ஆற்றியது. சென்ற ஆண்டு அதை அவர்களுக்கும் அளிக்க விரும்பினேன். பழைய கட்டிகள் தீர்ந்திருந்தமையால், முந்தைய நாள் வார்த்ததையே அறுத்து வைத்தேன்.

கொப்புளம் உடைந்த காலுடன் ஓர் இளம்பெண் வந்தமர்ந்தாள். நான் சோப்பை எடுத்தபோது, கொல்லையில் அதே சோப்பால் கால் கழுவிய என் மனைவி ஓடி வந்தார்.

“நில்லுங்க! அந்தப் புள்ள காலுல வெச்சிடாதீங்க. எனக்கு மொளகா அரைச்சுத் தடவுன மாதிரி எரியுது!”

“நல்ல சோப்புதானே?”

“அப்ப மொதல்ல உங்க காலுல போட்டுப் பாருங்க!”

குதிகாலில் தேய்த்தேன், சற்று நேரத்தில் துள்ளினேன்.

“ஆத்தா வர்றதுக்கு முன்னாடியே ஆடுறீங்களே ஐயா!” என்று சிரித்தாள் அப்பெண். அவள் காலை வெறும் வெந்நீரால் கழுவி அனுப்பினோம்.

காரம் அடங்காத சோப்பு புண்ணை அரித்துவிடும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். இப்போது ஒரு மாதத்திற்கு மேல் காற்றாட உலர்த்தி, என் குதிகாலில் தேய்த்துப் பார்த்த பின்னரே பிறருக்கு அளிக்கிறேன். புண்ணுள்ள கால்களுக்கு அதையும் தருவதில்லை.

இவ்வாண்டு செந்துறையிலிருந்து நடந்து வந்த அம்மையார் ஒருவர், “எங்கூரு பக்கம் வந்தா ரெண்டு கட்டி கொண்டாங்க” என்று சொல்லிச் சென்றதைப் பெருமையுடன் தெரிவிக்கிறேன். வீட்டில் சோப்பு செய்வோர் இக்குறிப்பைக் கத்தரித்து வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.