பெருவிரல் இடுக்கு

எங்கள் தெரு ஆம்பளைகளைக் காலை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். சங்கு குளிக்கிறவர்கள் கல் கட்டிய கயிற்றை வலது காலின் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டுதான் கடலுக்குள் இறங்குவார்கள். நாலைந்து வருஷம் இறங்கினால் போதும், அந்த இடுக்கு அகன்று காய்த்துவிடும். செருப்புக் கடை அண்ணாச்சி, இந்தக் காலுக்கெல்லாம் நான் தனியாத்தான் தைக்கணும் என்று கேலி பண்ணுவார்.

எழுபத்து நாலோ அஞ்சோ, அந்த வருஷம்தான் சங்கு குளித்துக்கொண்டிருந்த என் அண்ணன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனான். ஆறாம் நாள் ஒரு பிணம் கரை ஒதுங்கியது. முகத்தை மீன் தின்றிருக்கிறது, பார்க்க வேண்டாம் என்று பாயால் மூடியிருந்தார்கள். கால் மட்டும் வெளியே தெரிந்தது. அப்பா குனிந்து அந்த இடுக்கைத் தடவிப் பார்த்து, எம்மவன்தான் என்றார். அவரும் சங்கு குளித்தவர். அவர் சொன்ன பிறகு யார் மறுப்பது? பாயை ஒருத்தரும் விலக்கவில்லை. அன்றைக்கே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணிவிட்டோம்.

மூன்று வாரம் கழித்து, உச்சி வெயிலில் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். விளக்குமாற்றுக்கு முன்னால் இரண்டு கால் வந்து நின்றது. வலது பெருவிரல் தள்ளி இருந்தது. எனக்கு நிமிரவே தைரியம் வரவில்லை. அந்தக் காலை மண்ணுக்குள் வைத்ததை நேரில் பார்த்தவள் நான்.

"ஏளா, அம்மா எங்க?" என்றது அண்ணன் குரல்.

கொழும்புத் தோணியில் ஏறிப் போயிருந்தானாம். பாவி, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? அம்மா அவன் கண்ணயர்ந்தாலே மூக்கருகில் விரலை வைத்துப் பார்ப்பாள். அப்பா தெருவில் யார் போனாலும் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைத்தான் பார்ப்பார். அந்த வியாதி எனக்கும் தொற்றியது. கோயிலில் முழங்கால் போட்டிருப்பவர்களின் உள்ளங்கால்கள் வரிசையாகத் தெரியும். ஜெபம் பாதியில் நின்றுபோகும்.

அப்புறம் வேம்பார்ப் பக்கமிருந்து ஒரு மாமி வந்தாள். அவள் மகனும் சங்கு குளிக்கிறவன்தான், அதே நாட்களில் காணாமல் போனவன். கரையோரம் ஊர் ஊராக விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள். அண்ணனின் காலைப் பிடித்து, அந்த இடுக்கில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவன் காலை இழுக்கவில்லை.

"எம்மவனுக்கு இடுப்புல நாலு விரல் நீளத்துக்குத் தழும்பு உண்டு. நீங்க புதைச்சவனுக்கு இருந்துச்சா?" என்று கேட்டாள்.

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். பாயை விலக்கிப் பார்த்திருந்தால்தானே சொல்வதற்கு? எனக்குப் பொறுக்கவில்லை. இன்னும் எத்தனை ஊருக்கு இவள் இப்படி நடப்பாள்?

"இருந்துச்சு மாமி" என்றேன்.

அவள் அழவில்லை. பெரிய மூச்சாக விட்டாள். கல்லறையைக் காட்டச் சொன்னாள், மெழுகுதிரி கொளுத்தினாள். ஊருக்குப் போய் மருமகளின் தாலியைக் கழற்றச் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

என் அண்ணன் மூன்று வாரத்தில் திரும்பி வந்தான். மருமகள் தாலியைக் கழற்றிய பிறகு அவள் மகனும் அதேபோல வந்து நின்றிருந்தால்?