‘டிரைவர் நிறுத்திவிட்டார்’

1. பாராட்டு

“ஏம்மா, உங்க ஆப் சூப்பர்மா. ஒரு திருட்டுத்தனத்தப் புடிச்சுக் குடுத்துடுச்சு.”

எங்களிடம் ஆப் செய்துகொண்ட பள்ளியின் கரஸ்பாண்டன்ட் போனில் இப்படித்தான் ஆரம்பித்தார். இருபது வருடமாக சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். முதல் பாதி சென்னையில், மறு பாதி சொந்த ஊரான திருவண்ணாமலையில். வாடிக்கையாளர் தானாகக் கூப்பிட்டுப் பாராட்டியதை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் எழுந்து நின்றுகொண்டே கேட்டேன்.

பள்ளிக்கு ஐந்து பஸ். பஸ் இப்போது எங்கே வருகிறது என்று பெற்றோர் போனில் பார்க்கும் ஆப் அது. டிரைவர் தன் போனில் ‘ட்ரிப் ஆரம்பம்’ என்று தட்டினால், பஸ் போகிற வழியெல்லாம் வரைபடத்தில் ஒரு புள்ளி நகரும். நான்கு பஸ்களின் புள்ளி பள்ளி வரை ஒழுங்காக வந்தது. ஐந்தாவது பஸ்ஸின் புள்ளி மட்டும் தினமும் காலையில், கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை கிராமத்தில் நின்றுவிடும். பிறகு பள்ளி வாசலில்தான் தெரியும்.

“அந்த பஸ் ஏழுமலை ஓட்டறது. அவரு வீடு எங்க தெரியுமா? அடி அண்ணாமலையிலயே. வண்டிய நிறுத்திட்டு வீட்டுல டீ குடிச்சுட்டு வராரு. நமக்குத் தெரியக்கூடாதுன்னு போன்ல ஆஃப் பண்ணிடறாரு. லேட்டா வருதுன்னு கம்ப்ளைன்ட் வேற ஜாஸ்தி ஆயிடுச்சு. திங்கக்கிழமை லெட்டர் குடுத்து அனுப்பிடலாம்னு இருக்கேன். ஒரு மாச ரிப்போர்ட்ட மட்டும் பிரின்ட் போட்டுக் குடுங்க. ஆதாரம் வேணும் இல்ல?”

“குடுத்துடறேங்க சார்” என்றேன். இன்னும் இரண்டு பள்ளிகளிடம் எங்களைப் பற்றிச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். போனை வைத்துவிட்டு, என் பார்ட்னர் தினேஷிடம் பெருமையாகச் சொன்னேன். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்து எழுதினால் இந்தக் குறிப்பை எழுதவே வேண்டியதில்லை.

2. எப்படித் தேர்ந்தெடுத்தோம்

எங்கள் ஆபீஸ் செங்கம் ரோட்டில் ஒரு மாடி அறை. கீழே வெளிநாட்டுக்காரர்கள் லேப்டாப்பும் இஞ்சி டீயுமாக உட்கார்ந்திருக்கும் கஃபே. தினேஷும் நானும் காலேஜில் ஒரே பெஞ்ச். அவன் கோட் எழுதுவான். நான் வாடிக்கையாளரிடம் பேசுவேன், எந்த டூலில் செய்வது என்று முடிவெடுப்பேன், எழுதியதைச் சோதிப்பேன்.

பள்ளி வேலைக்கு எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, ஒவ்வொரு பஸ்ஸிலும் தனி ஜிபிஎஸ் கருவி பொருத்துவது. “அதெல்லாம் வேணாம்மா, டிரைவருங்க கிட்டதான் போன் இருக்கே” என்று கரஸ்பாண்டன்ட் முதல் நாளே தள்ளிவிட்டார். இரண்டு, ஆண்ட்ராய்டுக்குத் தனியாக, ஐபோனுக்குத் தனியாக நேரடியாக எழுதுவது. உழைப்பு இரண்டு மடங்கு. மூன்று, ஒரே கோடில் இரண்டு போனுக்கும் ஆப் தரும் பிரேம்வொர்க். இருப்பிடம் கண்டுபிடிக்கும் பகுதியை யாரோ எழுதி இலவசமாக வைத்திருந்தார்கள். எடுத்துச் செருகினால் போதும்.

தினேஷ் இரண்டாவது வழியைச் சொன்னான். “டிரைவர் ஆப் பின்னாடி ஓடிக்கினே இருக்கணும். ஸ்கிரீன் அணைஞ்சாலும் ஓடணும். அத மட்டுமாவது ஆண்ட்ராய்டுல தனியா எழுதிடலாம்.”

நான் கேட்கவில்லை. கரஸ்பாண்டன்ட்டின் மகள் அமெரிக்காவில் இருந்தாள். “என் பொண்ணு ஐபோன்ல பார்க்கணும்மா” என்று அவர் மூன்று தடவை சொல்லியிருந்தார். அந்த மகளுக்கு இந்தப் பள்ளியில் பிள்ளை கிடையாது. ஆனாலும் அவளுடைய ஐபோன்தான் எங்கள் டூலைத் தேர்ந்தெடுத்தது. பஸ் ஓட்டும் ஐந்து பேர் கையில் என்ன போன் இருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை.

சோதனையை நானே செய்தேன். என் காரில் கிரிவலப் பாதை முழுக்க ஒரு சுற்று, பிறகு பள்ளியின் ஐந்து ரூட்டும். புள்ளி ஓரிடத்திலும் நிற்கவில்லை. காரில் ஏறியதும் போனைச் சார்ஜரில் செருகுவது எனக்குக் கைப்பழக்கம். அதை இங்கே ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புள்ளி வராதபோது திரையில் என்ன காட்டுவது என்ற பேச்சு வந்தது. ‘இருப்பிடம் கிடைக்கவில்லை’ என்று தினேஷ் போட்டிருந்தான். எனக்குப் பிடிக்கவில்லை.

“என்னடா இது, நம்ம ஆப் வேல செய்யலன்னு நாமளே சொல்ற மாதிரி இருக்கு?”

“வேற இன்னா போடறது?”

நான் யோசித்தேன். டிரைவர் ஆஃப் செய்தால்தானே வராது? அதையே போட்டுவிடலாம். கீபோர்டை என் பக்கம் இழுத்து நானே டைப் செய்தேன்: ‘டிரைவர் நிறுத்திவிட்டார்.’

3. ரிப்போர்ட்

பாராட்டு வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் ரிப்போர்ட் போட உட்கார்ந்தேன். ஒரு மாதக் காலை ட்ரிப். தேதி, கிளம்பிய நேரம், புள்ளி நின்ற இடம். அடி அண்ணாமலை, அடி அண்ணாமலை, அடி அண்ணாமலை என்று வரிசையாக விழுந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு நாள் மட்டும் வேறு ஒரு ஊர்ப் பெயர்.

அன்று பௌர்ணமி. முந்தின ராத்திரியே பௌர்ணமி பிறந்துவிட்டதால் காலையிலும் கிரிவலக் கூட்டம் குறையவில்லை. போலீஸ் தடுப்பை எடுக்காததால் பஸ் அடி அண்ணாமலைப் பக்கமே போகாமல் சுற்றி வந்திருந்தது. அன்றும் புள்ளி நின்றிருக்கிறது. தன் வீடு இல்லாத ஊரில் ஏழுமலை யார் வீட்டில் டீ குடித்திருப்பார்?

இடத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பார்த்தேன். ட்ரிப் ஆரம்பித்துப் பதினெட்டு நிமிடம். முந்தின நாளும் பதினெட்டு. அதற்கு முந்தின நாள் பத்தொன்பது. அடி அண்ணாமலை என்பது பஸ் கிளம்பும் கிராமத்திலிருந்து பதினெட்டு நிமிட தூரம், அவ்வளவுதான். சாயங்கால ட்ரிப்பை அதுவரை யாரும் பார்த்ததில்லை. திறந்தேன். பள்ளியிலிருந்து கிளம்பி அதே கணக்கில் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் நின்றிருந்தது. அந்த இடத்தில் பஸ்ஸை நிறுத்தி இறங்கினால் பின்னால் வருகிறவன் அடித்தே விடுவான்.

அந்த பஸ்ஸில் நாற்பது பிள்ளைகள் வருகிறார்கள். ஏற்றி இறக்க ஒரு ஆயா இருக்கிறார். பஸ் வழியில் நிற்கிறதா என்று அவர்களில் ஒருவரைக் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஒருவரும் கேட்கவில்லை. ஆப்பே சொல்லிவிட்ட பிறகு யாரைக் கேட்பது?

4. சனிக்கிழமை பஸ்

மறுநாள் பள்ளி உண்டு. பஸ் கிளம்பும் கிராமத்துக்குக் காலையிலேயே போய் நின்றேன். தினேஷ் ஆபீஸில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏழுமலைக்கு ஐம்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“வாங்க மேடம். ஆப் பார்த்தது பத்தலன்னு நேர்லயே பார்க்க வந்துட்டீங்களா?”

“ஒரு சந்தேகம் இருக்குங்க. அதான் வந்தேன்.”

“எனக்கு ஒண்ணும் சந்தேகம் இல்ல. ஒரு மாசமா சொல்லிக்கினு இருக்கேன், நான் எதையும் நிறுத்தலன்னு. கேக்கறதுக்கு ஆள் இல்ல.”

அவர் ‘ட்ரிப் ஆரம்பம்’ தட்டினார். போனைச் சட்டைப் பையில் போட்டார். அது ஐந்தாறு வருடப் பழைய போன், ஒரு மூலை உடைந்திருந்தது. பஸ்ஸும் பழசு. பள்ளியின் ஐந்தில் இதுதான் மூத்தது.

“சார்ஜர்ல போட மாட்டீங்களா?”

“எங்க போடறது? மத்த நாலு வண்டியிலயும் பாயிண்ட் இருக்கு. இதுல ஏதுங்க?”

அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அடி அண்ணாமலையில் பஸ் நின்றது. ஏழு பிள்ளைகள் ஏறினார்கள். கடைசியாக ஏறிய பெண் டிரைவர் பக்கம் பார்த்துச் சிரித்தாள். அவர் மகள், அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு. ஊழியர் பிள்ளை என்பதால்தான் அவளுக்கு அங்கே படிக்க வழி. அப்பா வேலை போனால் பொதுத்தேர்வு வருடத்தின் நடுவில் அவளும் பள்ளி மாற வேண்டும். இதை ஆயா எனக்குக் காதோடு சொன்னார்.

பஸ் நகர்ந்தது. ஏழுமலையின் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன. என் போன் அடித்தது. தினேஷ்.

“நின்னுடுச்சு. ‘டிரைவர் நிறுத்திவிட்டார்’னு வருது.”

விஷயம் இதுதான். சில போன்களில் ஸ்கிரீன் அணைந்து கொஞ்ச நேரம் ஆனால், பேட்டரியை மிச்சப்படுத்த, பின்னால் ஓடும் ஆப்பைப் போனே நிறுத்திவிடும். சார்ஜரில் இருந்தால் நிறுத்தாது. ட்ரிப்பை முடிக்கப் போனை எடுத்துத் திறந்தால் ஆப் மறுபடி ஓடும், அதனால்தான் பள்ளி வாசலில் புள்ளி திரும்பத் தெரிந்தது. மற்ற நான்கு டிரைவர்களும் சார்ஜரில் போட்டிருந்தார்கள். நானும் காரில் சார்ஜரில் போட்டுத்தான் சோதித்தேன். இலவசமாக எடுத்த அந்தப் பகுதியால் போனின் இந்தப் பழக்கத்தைச் சமாளிக்க முடியவில்லை. சாயங்கால ட்ரிப்பில் என் பவர் பேங்க்கை அவர் போனில் செருகிக் கொடுத்தேன். கடைசி ஸ்டாப் வரை புள்ளி நிற்கவில்லை.

அந்த ட்ரிப் முடிந்து பஸ் காலியானதும் அவரிடம் சொன்னேன். தப்பு போனில், அதைவிட எங்கள் ஆப்பில் என்றேன். அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“அது சரி மேடம். வரலன்னா வரல. மெஷின்னா கோளாறு இருக்கும். ஆனா ‘டிரைவர் நிறுத்திவிட்டார்’னு வருதே, அத யாரு எழுதனது?”

தினேஷ் பெயரைச் சொல்லியிருக்கலாம். கம்ப்யூட்டரே அப்படிப் போடும் என்றும் சொல்லியிருக்கலாம், அவர் நம்பியிருப்பார். வாய் வரை வந்தது.

“நான்தாங்க எழுதனேன்.”

“நீங்க பார்த்தீங்களா, நான் நிறுத்தனத?”

“இல்லீங்க.”

“அப்புறம்?”

எனக்கு வெட்கத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“தெரியலன்னா தெரியலன்னு போட வேண்டியதுதானேங்க. அதுல இன்னா கௌரவம் கொறஞ்சுடப் போவுது?”

5. திங்கட்கிழமை

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். நான் ரிப்போர்ட் இல்லாமல் கரஸ்பாண்டன்ட் அறைக்குப் போனேன். மேசைமேல் அவர் சொன்ன லெட்டர் கவரில் தயாராக இருந்தது. நடந்ததை வரிசையாகச் சொன்னேன்.

“அப்போ உங்க ஆப் சரியில்லன்றீங்க?”

“ஆமாங்க சார். நான் எடுத்த டூல் தப்பு. சோதிச்சதும் தப்பு.”

“ஒரு மாசமா அந்த ஆளத் திருடனப் பாக்கற மாதிரி பாத்துக்கினு இருந்தேனேம்மா!”

கத்தினார். கத்த வேண்டியதுதான். “லேட்டு வந்ததுக்கு இன்னா காரணம்?” என்று கேட்டார். பழைய வண்டி மேட்டில் ஏறத் திணறுகிறது என்று ஏழுமலை ஏற்கெனவே இரண்டு தடவை எழுதிக் கொடுத்ததாக, பக்கத்தில் நின்ற கிளார்க் மெல்லச் சொன்னார். கரஸ்பாண்டன்ட் அந்தக் கவரை எடுத்து இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். ஏழுமலையைக் கூப்பிட்டு என் முன்னாலேயே, “மனசுல வச்சிக்காதீங்க” என்றார். அவர் “சரிங்க சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அது மன்னிப்பா, வேலை பார்க்கிறவரின் மரியாதையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தினேஷ் சொன்னபடியே டிரைவர் ஆப்பை ஆண்ட்ராய்டில் தனியாக எழுதினோம். பெற்றோர் ஆப் மட்டும் பழைய பிரேம்வொர்க்கிலேயே இருக்கிறது, அந்த வேலைக்கு அது நன்றாகவே போதும். ஐந்து டிரைவர்களின் போனையும் கையில் வாங்கி, ஒவ்வொன்றின் பேட்டரி செட்டிங்கையும் நானே மாற்றினேன். பழைய பஸ்ஸுக்கு எலக்ட்ரீஷியன் ஒரு சார்ஜர் பாயிண்ட் வைத்துக் கொடுத்தார். கரஸ்பாண்டன்ட் சொல்லி வைத்திருந்த இரண்டு பள்ளிகளில் ஒன்று எங்களிடம் வரவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எந்த டூல் நல்லது, எந்த பிளாட்பார்ம் வேகம் என்று என்னைக் கேட்கிறார்கள். அது வருடா வருடம் மாறும். யார் கையில் இருக்கும் போனில் ஓடப்போகிறது என்று போய்ப் பாருங்கள், அந்தப் போனைச் சார்ஜரிலிருந்து பிடுங்கிவிட்டுச் சோதியுங்கள் என்பேன். அது தொழில் பாடம். இன்னொரு பாடத்தை எனக்குச் சொன்னவர் பஸ் ஓட்டுகிறார்.

போன வாரம் மழையில் டவர் போய், ஏழுமலையின் புள்ளி கொஞ்ச நேரம் வரவில்லை. என் போனில் திறந்து பார்த்தேன். ‘இப்போது எங்கே என்று தெரியவில்லை. கடைசியாகத் தெரிந்த இடம் அடி அண்ணாமலை, 7.38’ என்று இருந்தது. அதையும் நான்தான் டைப் செய்தேன். பள்ளிக்கு போன் போட்டு பஸ் வந்துவிட்டதா என்று கேட்டேன். வந்துவிட்டது என்றார்கள்.