கம்ப்யூட்டரில் ஜெயித்தது செல்லாது

சும்மா இருக்கத் தெரியாத பிள்ளை என்று என்னைச் சொல்வார்கள். எனக்கு முன்னால் வீட்டில் அந்தப் பட்டத்தை வைத்திருந்தவள் சித்தி. அம்மாவின் கடைசித் தங்கை. தாத்தா வீட்டில் நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருந்த காலம் அது. சித்தி காலேஜ் முடித்துவிட்டு, பழனி ரோட்டில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். காலைச் சாப்பாட்டை நின்றுகொண்டே முடிப்பாள். படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்குவாள். உட்காரச் சொன்னால் கால் ஆடும், காலைப் பிடித்தால் கை ஆடும்.

ஒன்பதாம் வகுப்பில் இருந்த அண்ணனுக்கோ உட்கார்ந்த இடத்தில்தான் வீரம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் டி.வி. கேம் கடை ஒன்று இருந்தது. அங்கே ஒரு குட்டி வீரன் பள்ளங்களைத் தாண்டி ஓடி, கடைசிக் கோட்டையில் கொடியேற்றும் ஆட்டம். கேசட்டில் ஒட்டியிருந்த தாள் எப்போதோ உரிந்துவிட்டதால் நாங்கள் அதைக் கோட்டை கேம் என்போம். அதை யார் சீக்கிரம் முடிக்கிறார்களோ அவர்கள் பெயரைக் கடைக்காரர் சுவரில் சாக்பீஸால் எழுதுவார். எல்லாவற்றுக்கும் மேலே அண்ணன் பெயர் இருந்தது. பரீட்சையில் முதல் ரேங்க் வாங்கியவன்கூட அப்படி அலட்டியிருக்க மாட்டான். தண்ணீர்கூட எழுந்துபோய் எடுத்துக் குடிக்காமல் எங்களை ஏவினான்.

சித்திக்கு அது பொறுக்கவில்லை. சென்டரில் படித்த ஒரு பையன் சி.டி.யில் எதையோ கொண்டுவந்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போயிருந்தான். எமுலேட்டர் என்றாள். கம்ப்யூட்டரே டி.வி. கேம் பெட்டியாக வேஷம் போடுமாம். அதில் அதே கோட்டை கேம் ஓடியது. ஒரு வகுப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் சித்தி கீபோர்டில் ஆட ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அங்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். அவளுடைய விரல்கள் போகிற போக்கைப் பார்த்தால் எனக்கு மூச்சு வாங்கும்.

ஒருநாள் அண்ணனைவிட வேகமாகக் கோட்டையில் கொடியேற்றிவிட்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்தவள் நான். அதோடு படியிறங்கி ஓடியவளும் நான்தான். கேம் கடையில் மூச்சிரைக்கச் சொன்னேன். பையன்கள் எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள்.

"செல்லாது" என்றான் அண்ணன். "அது கம்ப்யூட்டரு. பாதியில நிப்பாட்டி வச்சு, செத்தா விட்ட எடத்துலருந்து ஆடலாம். அதுல ஸ்பீடும் ஜாஸ்தி."

"அவ நிப்பாட்டவே இல்ல. நான் பக்கத்துலயே இருந்தேன்."

"நீ அவ கட்சி. ஒரிஜினல்ல வந்து ஆடச் சொல்லு."

திரும்ப ஓடினேன். சித்தியின் முகம் சிவந்துவிட்டது. "ஏன், பள்ளம் அதே பள்ளந்தான? குதிக்கிறது யாரு, கம்ப்யூட்டரா நானா? கேட்டுட்டு வா." கேட்டுவிட்டு வந்தேன். இப்படியே சில நாட்கள் பழனி ரோட்டுக்கும் சந்துக்கும் நடுவே அலைந்தேன். இருவர் சொல்வதும் எனக்கு நியாயமாகவே பட்டது. அதனால் இரவில் தூக்கம் வரவில்லை.

இன்றைக்கும் இதே வழக்கு உலகம் முழுக்க இணையத்தில் நடக்கிறது என்பதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். அண்ணன் சொன்னதில் உண்மையும் இருந்தது. கடையிலிருந்த அந்தப் பெட்டி நம் ஊர் டி.வி.க்குத் தக்கபடி ஆட்டத்தைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டியது. கம்ப்யூட்டரோ ஆட்டம் பிறந்த நாட்டின் வேகத்திலேயே ஓட்டியது. ஆனால் ஒரிஜினல், ஒரிஜினல் என்று அவன் தலையில் வைத்துக் கூத்தாடிய அந்தப் பெட்டி ஏதோ ஒரு பஜாரில் வாங்கிய டூப்ளிகேட். கேசட்டும் அப்படித்தான்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அம்மா, தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்துக்குப் போய்விட, சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள். கோயிலுக்குக் கட்டிய பட்டுச்சேலையோடு அவள் கடைக்குள் நுழைந்ததும் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. கடைக்காரர் எழுந்து நின்று, அங்கே இருந்த அண்ணனைக் காட்டினார். "என்னக்கா, தம்பியக் கூட்டிட்டுப் போகவா?"

"ஆட வந்திருக்கேன்" என்றாள் சித்தி.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் பையன்கள் சுவர்போல நின்றார்கள். வெளியே போய்க்கொண்டிருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு ஒரே பெருமை. ஆனால் ஆட்டம் தொடங்கியதும் எல்லாம் தலைகீழானது. சித்தி ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு கணம் முந்தியே குதித்தாள். குதித்து உள்ளே விழுந்தாள். கம்ப்யூட்டரில் பழகிய விரல்கள் அந்த மெதுவான பெட்டிக்குக் காத்திருக்க மறுத்தன. மறுபடி ஆடினாள், மறுபடி விழுந்தாள். யாரும் கேலி செய்யவில்லை. அண்ணன்கூட அவளைப் பார்க்காமல் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலு நாளு இங்கன வந்து பழகுனா வந்துரும்க்கா" என்றார் கடைக்காரர். நல்ல மனிதர். மனசாரத்தான் சொன்னார். "நெசமாவா?" என்றாள் சித்தி. தோற்றவள் முகமாகவே அது இல்லை. "எங்க தப்புன்னு புடிபட்டுருச்சு பாப்பா. ரெண்டே நாளு, உங்கண்ணன் பேரு கீழ எறங்கிரும்" என்று வழியெல்லாம் காற்றில் பட்டன் அமுக்கிக் காட்டிக்கொண்டே வந்தாள்.

எங்கள் கால்களைவிட வேகமாகச் செய்தி வீடு போய்ச் சேர்ந்திருந்தது. மத்தியானச் சாப்பாட்டில் தாத்தா குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே கேட்டார். "பஸ் ஸ்டாண்டுச் சந்துல ஒனக்கு என்ன சோலி?" அவ்வளவுதான். சத்தம்கூடப் போடவில்லை. அம்மா சித்தியின் தட்டில் இன்னும் கொஞ்சம் வெஞ்சனம் வைத்தாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு தின்றான். அன்றைக்குச் சித்தி முதல்முறையாக உட்கார்ந்து, முழுச் சாப்பாட்டையும் மெதுவாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் அவள் கடைக்குப் போகவில்லை. அந்த வாரம் முழுக்கப் போகவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடை திறந்துதான் இருந்தது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். கடைக்காரரே வரச் சொல்லியிருக்கிறார். பிறகென்ன தயக்கம்? சென்டருக்குப் போனால் அங்கே கீபோர்டைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் முன்பைவிடவும் வேகமாக முடித்தாள்.

"இதப் போயி சொல்லவா?"

"வேணாம். செல்லாதும்பான்."

"அப்ப நீ அங்க வர வேண்டியதுதான? தோத்துருவோம்னு பயம், அதான?"

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆமா பாப்பா. பயந்தான்."

எனக்கு ஆத்திரமும் வெட்கமுமாக வந்தது. இப்படியொரு பயந்தாங்கொள்ளிக்காகவா இத்தனை நாள் நாயாக அலைந்தேன்? இனிமேல் அண்ணன் கட்சிதான் என்று முடிவு செய்து, படிகளில் தடதடவென்று இறங்கி, கேம் கடையைப் பார்த்து ஓடினேன். அப்போது நான் நான்காம் வகுப்பு. அங்கே போகாதே என்று அதுவரை என்னிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.