அண்ணனின் லித்தியம்

எண்பதுகளின் தொடக்கத்தில் கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் நான் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். அண்ணன் எட்டயபுரம் பக்கம் எங்கள் கரிசல்காட்டில் பருத்தி போட்டுவந்தான். வருசத்தில் ஒன்றிரண்டு மாதம் தூங்காமல் பேசிக்கொண்டே திரிவான். பிறகு எழுந்திருக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடப்பான். மதுரையில் ஒரு மருத்துவர் லித்தியம் மாத்திரை எழுதிக்கொடுத்த பிறகு, ஒரு வருசம் பழைய அண்ணனாக இருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"ஏட்டி, இதுல அப்படி என்னதான் இருக்கு?"

எனக்கு உற்சாகமாகிவிட்டது. பிரபஞ்சம் தொடங்கியபோது எங்கும் ஒரே கொதிப்பு, புரோட்டானும் நியூட்ரானும் ஒட்டினாலும் உடனே பிய்ந்துபோகும், கொஞ்சம் ஆறியதும் ஒட்டி நின்றன என்றேன். சில நிமிடங்களில் ஹீலியம் உண்டானது, துளியிலும் துளியாக லித்தியமும். அதைவிடக் கனமானவை உருவாகுமுன் எல்லாம் விரிந்து ஆறிவிட்டது. இரும்பெல்லாம் பிற்பாடு நட்சத்திரங்களுக்குள் உண்டானதுதான்.

"அப்போ இதுல கொஞ்சம் நட்சத்திரத்துக்கும் மூத்ததா?"

"ஆமாண்ணே."

"அது எப்படி எம் மண்டைக்குள்ள வேல செய்யுது?"

"தெரியலண்ணே. டாக்டருக்கே சரியாத் தெரியாதாம்."

சிரித்துக்கொண்டே விழுங்கினான்.

மறுவருசம் மழை இல்லை. சித்திரையில் ஊர்க்கிணறு வற்றி, வீட்டுக்கு இரண்டு குடம் கிடைப்பதே பாடாக இருந்தது. அண்ணன் வெயிலில் காட்டிலேயே கிடந்தான். கை நடுங்கியது. வாந்தி எடுத்தான். சூடு பிடித்துவிட்டதென்று மதினி மோர் கொடுத்தாள். நான் போய்ப் பார்த்தபோது நாக்கு குழறியது, என்னை அடையாளம் தெரியவில்லை. மதுரை வரைக்கும் பஸ்ஸில் அவன் தலையை மடியில் வைத்திருந்தேன்.

"உடம்புல தண்ணி குறைஞ்சா இந்த மருந்தே விஷமாயிடும். நிறையத் தண்ணி குடிக்கணும்னு சொன்னேனே!" என்றார் மருத்துவர்.

சொல்லியிருந்தார்தான். எங்கே போய்க் குடிப்பான்?

பிழைத்துவிட்டான். சிறுநீரகம் கெட்டிருந்ததால் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். வேறு மாத்திரைகள் தந்தார்கள், ஒன்றுக்கும் நோய் கேட்கவில்லை.

ஐப்பசியில் நல்ல மழை. விதைப்பு முடியுமுன் அண்ணன் மறுபடி தூக்கத்தை விட்டான். மதினி கல்லூரி வாசலில் வந்து நின்றாள். நனைந்த சேலையோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ படிச்சவல்லா, வேற ஏதாவது வழி இருக்கா?"

"தெரியல மதினி."

அவளை எட்டயபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, மத்தியான வகுப்புக்குப் போனேன்.