சவுக்காரக் கட்டி

மழைக்கால மலையேற்றத்துக்காக எங்கள் திருச்சபையாருடன் ஹுன்னஸ்கிரியவில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அட்டை கடிக்காமலிருக்க, ஒரே சவுக்காரக் கட்டியை நனைத்து மாறி மாறிக் காலில் பூசினோம்.

"ஆன்ட்டி, முழங்கால் நோகுதுன்னீங்களே. நீங்க பஸ்லயே இருங்க" என்றான் வாலிபர் குழுத் தலைவன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் என்ன மூட்டையா?

சவுக்கார வாசம் மூக்கில் ஏறியது. அன்று சபையோடு முதன்முதலாக இங்கே வந்தபோது எனக்கு எட்டு வயது. தேயிலைக் கொழுந்து பறித்தே கால் வீங்கிப்போன அம்மாவிடம், இதே இடத்தில் போதகர் இதையேதான் சொன்னார். அம்மா ஏறாவிட்டால் என்னையும் விடமாட்டார்கள்.

அன்றும் எல்லோருக்கும் ஒரே சவுக்காரம்தான்; அம்மா அதை முந்தானையில் முடிந்தார்.

"சரிங்கய்யா, போயிட்டு வாங்க. பாதி வழியில பூசினது கரைஞ்சிரும். அப்ப கீழ எறங்கி வாங்க, தாறேன்."

போதகர் தன் வெள்ளைக் காற்சட்டையைக் குனிந்து பார்த்தார்.

"நீங்களும் வாங்கம்மா. மெதுவாவே போவோம்."

அன்று உச்சிவரை முழுச் சபையும் அம்மாவின் நடைக்குத்தான் நடந்தது. நான் அவர் கையைப் பிடித்து எல்லோருக்கும் முன்னால் போனேன்.

தலைவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். நான் சவுக்காரத்தை என் பைக்குள் போட்டு மூடினேன்.

"நீங்க போங்க தம்பி."

அவன் பையைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான்.

"ஐயோ ஆன்ட்டி, நீங்க முன்னால நடங்க."

நடந்தேன், அம்மாவின் நடையில், ஆறுதலாக.