வியாழக்கிழமை லீவு எடுத்தவர்கள்

கல்முனை பஸ் டிப்போவில் லீவுக் கிளாக்கராக உட்கார்ந்தபோது அதாவுல்லாவுக்கு வயது நாற்பத்தொன்பது. அதற்கு முன் பதினெட்டு வருசம் ஒரு முதலாளியின் பஸ் கொம்பனியில் டிக்கற் எழுதினார். அங்கே லீவு என்று ஒன்று இருக்கவில்லை. வர முடியாதவன் முதலாளியின் வீட்டு வாசலில் போய் நின்று சொல்ல வேண்டும். அவர் தலையாட்டினால் சரி, ஆட்டாவிட்டால் பஸ்ஸில் ஏற வேண்டியதுதான். அரசாங்கம் பஸ்களை எடுத்த பிறகுதான் வருசத்துக்கு ஆளுக்கு இத்தனை நாள் என்று லீவு வந்தது. அதைப் பதிய நீளமான ஒரு புத்தகமும் வந்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று மனேஜர் இராசதுரை அந்தப் புத்தகத்தை அதாவுல்லாவிடம் கொடுத்தார்.

முதல் இரண்டு மாதம் அவருக்கு அது சந்தோசமான வேலையாகவே இருந்தது. தான் அனுபவிக்காத ஒன்றை மற்றவர்களுக்குக் கையால் எடுத்துக் கொடுப்பதுபோல் இருந்தது. பிறகு ஆட்கள் லீவு கேட்டு அவரைக் கந்தோர் மேசையில் மட்டும் தேடுவதை விட்டார்கள். பள்ளிவாசலில் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூச் செய்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் குந்துவார்கள். சாய்ந்தமருதுச் சந்தையில் மீன் வாங்கும்போது தோளைத் தொடுவார்கள். எல்லோருக்கும் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார். "பாப்பம்." வீட்டில் மனைவி றுகையா சோறு போடவா என்று கேட்டாலும் வாயில் அதுவே வந்தது.

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு நோன்புப் பெருநாளும் சித்திரை வருசப்பிறப்பும் ஒரே கிழமைக்குள் நெருங்கி வந்தன. டிப்போவில் முஸ்லிம் றைவர்மாரும் கொண்டக்டர்மாரும் இருபத்தாறு பேர், தமிழர் பதினாறு பேர். ஒரு பகுதியின் பெருநாளுக்கு மற்றப் பகுதி பஸ் ஓட்டுவது என்று அதாவுல்லா ஏற்பாடு செய்தார். மனேஜரும் ஒத்துக்கொண்டார். ஆனால் சட்டப்படி லீவு விண்ணப்பம் ஏழு நாளுக்கு முன்பே வர வேண்டும், அதில் திகதியும் இருக்க வேண்டும். பெருநாள் வியாழனா வெள்ளியா என்பது புதன்கிழமை பொழுது பட்டு மக்ரிபுக்குப் பிறகு பிறை பார்த்தால்தான் தெரியும். இதை அவர் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். திகதி இல்லாத விண்ணப்பம் செல்லாது என்று ஒரு வரியில் பதில் வந்தது.

கலண்டரில் வியாழன் என்று அச்சடித்திருந்தார்கள். எல்லோரும் வியாழன் என்றே எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்குப் பதினாலு பேருக்கு மேல் விட முடியாது. மற்றவர்கள் தொழுதுவிட்டு வந்து பிந்திய பஸ்களில் ஏறுவதாகப் பேச்சு. முந்தி வந்த விண்ணப்பம் முந்தி என்று அதாவுல்லா வரிசைப்படி பதிந்தார். றுகையாவின் தம்பி சீனிமுகம்மதுவும் அங்கே கொண்டக்டர். அவன் கடைசி நாளில்தான் கொண்டுவந்து கொடுத்தான், இடம் இல்லை. அன்று வீட்டில் றுகையா முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நோன்போடு அந்த முகத்தையும் பார்க்க அவருக்குத் தெம்பு இருக்கவில்லை. மறுநாள் சீனிமுகம்மதுவைக் கூப்பிட்டு, வேண்டுமானால் வெள்ளிக்கிழமை தருகிறேன், உம்மாவோடு இருந்துவிட்டு வா என்றார். அவன் வேண்டாவெறுப்பாகக் கையெழுத்து வைத்தான். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் முஸ்லிம் பெயர் அது ஒன்றுதான்.

புதன்கிழமை மேற்கே முகில் மூடியிருந்தது. கடற்கரையில் கூட்டமாக நின்றவர்கள் பிறை காணாமல் திரும்பினார்கள். பிற ஊர்களிலும் தெரியவில்லை என்று றேடியோவில் சொன்னார்கள். நோன்பு முப்பதாகப் பூர்த்தி, பெருநாள் வெள்ளி. அதாவுல்லா நோன்புக் கஞ்சிக் கோப்பையைப் பாதியிலேயே கீழே வைத்தார்.

வியாழன் காலை லீவு எடுத்த பதினாலு பேரும் நோன்போடு வீட்டில் சும்மா இருந்தார்கள். தமிழ் ஆட்கள் சொன்ன சொல்லுக்கு வந்து இரண்டு மடங்கு வேலை செய்தார்கள். அதற்குப் பதிலாக வெள்ளிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு என்று எழுதியாகிவிட்டது. பதினாலு பேரில் சிலர் கந்தோருக்கு வந்து, இன்றைய லீவை நாளைக்கு மாற்றித் தாருங்கள் என்றார்கள். மனேஜர் அவர்களைப் பார்த்துக் கோபிக்கவில்லை. வீட்டில் இருந்த நாள் லீவுதான், அதை அழிக்க ஏலாது என்றார். பிறகு அதாவுல்லாவின் பக்கம் திரும்பி, நாளைக்கு ஓட ஆள் கிடைத்தால் இவர்களுக்கு இன்னொரு நாள் லீவு தரலாம், கையெழுத்து நான் வைக்கிறேன் என்று சொன்னார்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அதாவுல்லா சைக்கிளை எடுத்துக்கொண்டு பாண்டிருப்புக்குப் போனார். நல்லரெத்தினத்தின் வீடு அங்கே. தமிழ் றைவர்மாரில் மூத்தவர், அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். விடிய முதல் பஸ்ஸை எடுத்தவர் அப்போதுதான் வந்து குளித்திருந்தார். அவருடைய மனைவி செல்லத்தங்கம் வருசப்பிறப்புக்கு வீடு மெழுகிக்கொண்டிருந்தாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்தவள் நோன்பு என்று நினைவு வந்து, மன்னித்துக்கொள்ளச் சொல்லித் திரும்பக் கொண்டுபோனாள்.

அதாவுல்லா நடந்ததைச் சொன்னார். நாளைக்கும் ஓடி உதவ முடியுமா என்று கேட்டார். நல்லரெத்தினம் தலையைத் துவட்டியபடியே பதில் சொன்னார். அண்ணனைக் கூப்பிடும் முஸ்லிம் வழக்கப்படி அதாவுல்லாவை அவர் காக்கா என்பார்.

"உங்கட பெருநாளுக்கு இண்டைக்கு ஓடினம். அது பெருநாள் இல்லையெண்டா நாங்க என்ன காக்கா செய்யிற?"

"உங்களில பிழை இல்ல தம்பி. எனக்குக் கேக்க வேற ஆள் இல்ல."

நல்லரெத்தினம் துவாயைக் கொடியில் போட்டார். "நான் வாறன். மத்த ஆக்களுக்கும் நானே சொல்றன், நீங்க இந்த வெயிலுக்குள்ள காரைதீவுக்கு ஓடாதீங்க. ஆனா சித்திரை வருசம் முடிய ரெண்டு நாள் எங்களுக்குக் கூடத் தரணும். அப்ப பாப்பம் எண்டு சொல்லப்படாது."

"தாறன்," என்றார் அதாவுல்லா. புத்தகத்தைப் பார்க்காமல் அவர் ஒருவருக்கு வாக்குக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை தமிழ் ஆட்களில் ஒன்பது பேர் வந்தார்கள். சவளக்கடைப் பக்கம் போகும் மூன்று பயணங்களை நிறுத்த வேண்டியிருந்தது, சனம் நடந்து போனது. பதினாலு பேரும் பெருநாளை வீட்டில் கொண்டாடினார்கள், ஆனால் இரண்டு நாள் லீவு போன கோபம் போகவில்லை. தொழுகை முடிந்து எல்லோரும் கட்டித் தழுவி ஸலாம் சொன்னபோது நாலைந்து பேர் அதாவுல்லாவைக் காணாததுபோல் கடந்தார்கள். றஸாக் என்ற றைவர் மட்டும் நின்றான்.

"உங்கட மச்சினனுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை பெருநாள் எண்டு முன்னமே தெரிஞ்சிருக்கு," என்றான்.

சீனிமுகம்மது அதை மறுத்திருக்கலாம். அவன் பகிடியாக, மச்சான் பிறையோடு கதைத்து வைத்திருந்தார் என்று சொல்லிச் சிரித்தான். அந்தப் பகிடி பின்னேரத்துக்குள் பக்கத்து ஊர் மாவடிப்பள்ளி வரை போய், அங்கே பகிடியாக இல்லாமல் போய்ச் சேர்ந்தது. அதாவுல்லா யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. புத்தகத்தைத் திறந்து யார் எந்தத் திகதியில் கேட்டார்கள் என்று காட்டியிருக்கலாம். அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவதற்கு அவருக்கு மனம் வரவில்லை. புது உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு மத்தியானமே கந்தோருக்குப் போனார்.

வருசப்பிறப்பு முடிந்த பிறகு தமிழ் ஆட்களுக்குச் சொன்னபடி இரண்டு நாள் கொடுத்தார். மே மாதம் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அனுமதித்த தொகைக்கு மேல் சில நாள் ஆட்கள் லீவில் நின்றதற்குக் காரணம் கேட்டிருந்தார்கள். புதன்கிழமை முகில் இருந்தது, பிறை தெரியவில்லை என்பதைத்தான் அவர் எழுத வேண்டியிருந்தது. எழுதி, வாசித்து, மனேஜரிடம் கொடுத்தார். இராசதுரை தன்னுடைய பங்குக்கும் இரண்டு வரி எழுதி, அனுமதித்தது தானே என்று கையெழுத்து வைத்தார். திரும்பிய பதிலில் இருவருக்கும் ஒரு எச்சரிக்கை இருந்தது. அதற்குக் கீழே, இனிமேல் நோன்புப் பெருநாளுக்கு மட்டும் இரண்டு திகதி எழுதலாம் என்றும் இருந்தது. அதை அதாவுல்லா பலகையில் ஒட்டினார். வாசித்தவர்கள் நல்லது என்றார்கள். றஸாக்கும் வாசித்தான். அடுத்த நாள் ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

டிசம்பரில் வருசக் கணக்கு முடிக்கும்போது அதாவுல்லாவின் பெயருக்கு நேரே ஒரு நாளும் பதிந்திருக்கவில்லை. இந்த மாதத்துக்குள் எடுக்காவிட்டால் எல்லாம் போய்விடும் என்று மனேஜர் சொன்னார். அதாவுல்லா ஒரு படிவத்தை எடுத்து நிரப்பினார். காரணம் என்ற இடத்தில் பேனையை வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்து, 'களைப்பு' என்று எழுதினார்.

இராசதுரை அதை வாசித்தார். "இது காரணமா எடுபடாது. சொந்த அலுவல் எண்டு போடுங்க."

அதாவுல்லா வெட்டிவிட்டு அப்படியே போட்டார். மூன்று நாள் கிடைத்தது. முதல் நாள் விடியற்காலையில் ஸுபஹ் தொழுதுவிட்டுப் படுத்தவரை மத்தியானத்து ளுஹர் பாங்கு சொல்லியும் றுகையா எழுப்பவில்லை. வாசலில் லீவு கேட்டு வந்து நின்ற இரண்டு பேருக்கும், ஆள் ஊரில் இல்லை என்று சொல்லி அனுப்பினாள்.